துரியோதனன் வேஷம்தான் வேணும்

நாடக வகுப்பு பெரும்பாலும் ஒரே வரியில்தான் தொடங்கும். "எல்லாரும் எழுந்து வட்டமா நில்லுங்க." அந்த வரி முடிவதற்குள் சிலர் வகுப்பை விட்டு வெளியே போயாயிற்று. எழுந்து நிற்க முடியாதவர், சொன்னது காதில் விழாதவர், வட்டம் எந்தப் பக்கம் என்று தெரியாதவர், பக்கத்து ஆள் கையைப் பிடித்தாலே உடம்பு கூசுகிறவர். யாரும் யாரையும் போகச் சொல்லவில்லை. அவர்களே ஓரமாகப் போய் உட்கார்ந்து கைதட்டுகிற வேலையை எடுத்துக்கொள்வார்கள். "பாவம், பார்த்துக்கிட்டாவது இருக்கட்டும்" என்று மற்றவர்களும் விட்டுவிடுவார்கள்.

நான் வகுப்பு நடத்துவது சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம், ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் முகூர்த்தம் இல்லாத ஞாயிறாகப் பார்த்து. மாடியில் மேடையோடு பெரிய ஹால் இருக்கிறது. எங்களுக்கு அது வேண்டாம். கீழே அண்டாவை உருட்டிக்கொண்டு போகிற அளவுக்குக் கதவு அகலம். வாசற்படி கிடையாது. சக்கர நாற்காலி ஒரு முழுச் சுற்று சுற்ற இடம் இருக்கிறது. ரச வாசனை மட்டும் எத்தனை ஊதுபத்தி ஏற்றினாலும் போகாது.

அரங்குகளைப் பார்த்து அலுத்துத்தான் இங்கே வந்தோம். புதிதாகக் கட்டிய ஓர் அரங்கில் வாசலிலிருந்து இருக்கை வரை அழகாகச் சாய்தளம் போட்டிருந்தார்கள். மேடைக்கு ஏற மட்டும் படிகள். அதாவது மாற்றுத்திறனாளி நாடகம் பார்க்கலாம், நடிக்க மாட்டார் என்று கட்டியவரே முடிவு பண்ணிவிட்டார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. 1995 சட்டத்தில் ஏழு வகையாக இருந்த மாற்றுத்திறன் பட்டியல் இதில் 21 ஆனது. கலை, பண்பாடு, பொழுதுபோக்கு பற்றி 29-ஆம் பிரிவு என்று தனியாகவே ஒன்று இருக்கிறது. அதை அச்செடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். பொறுப்பாளர் படித்துப் பார்த்துவிட்டு, "அதுக்கென்னங்க, நாலு பேரு சேந்து தூக்கி வச்சிடலாம்" என்றார். நாலு பேர் தூக்கி வைத்த ராஜா அதற்குப் பிறகு என்ன அதட்டினால் யார் பயப்படுவார்கள்?

என் அப்பா ஓமலூர் பக்கத்துக் கிராமங்களில் கூத்துக்கு மிருதங்கம் வாசித்தவர். சின்ன வயதில் அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, பாதி தூக்கத்தில் நான் பார்த்த கூத்துகள்தான் இன்றைக்கு வகுப்பில் எனக்குக் கைகொடுக்கின்றன. கூத்துக்கு மேடை கிடையாது, தரைதான். மூன்று பக்கமும் ஜனம். விடிய விடிய நடக்கும். தூக்கம் வந்தால் அங்கேயே துண்டை விரித்துப் படுத்துக்கொள்ளலாம், எழுந்து போய் டீ குடிக்கலாம், குழந்தை அழுதால் தூக்கிக்கொண்டு நடக்கலாம். யாரும் திரும்பி முறைக்க மாட்டார்கள். லண்டனில் இப்போது பெரிய நாடக அரங்குகள் ஆட்டிசம் உள்ளவர்களையும் மனதில் வைத்துத் தனிக் காட்சிகள் நடத்துகின்றன. விளக்கை முழுக்க அணைப்பதில்லை, சத்தத்தைக் குறைக்கிறார்கள், பார்வையாளர் எழுந்து போய் வரலாம், குரல் எழுப்பலாம். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊரில் மாரியம்மன் பண்டிகைக்குப் பண்டிகை அதைத்தானே செய்துகொண்டிருந்தார்கள்!

அப்புறம் கட்டியங்காரன், கூத்தில் வேஷங்களை அறிவித்துக் கேலியும் பேசுகிற கோமாளி. ஒரு வேஷம் வருவதற்கு முன்னால் இரண்டு பேர் திரையைப் பிடிப்பார்கள். திரைக்குப் பின்னால் இருந்தே வேஷக்காரர் பாடுவார். வருவது யார், என்ன பெருமை, என்ன நகை, என்ன கிரீடம் என்று பாட்டிலும் கட்டியங்காரன் பேச்சிலும் வந்துவிடும். கண் தெரியாதவருக்கும் உருவம் கிடைத்துவிடும். 1981-இல் வாஷிங்டனில் அரீனா ஸ்டேஜ் என்ற அரங்கில், பார்வை இழந்த மார்கரெட் ஃபான்ஸ்டீல், பின்னாளில் தன் கணவரான கோடி ஃபான்ஸ்டீலோடு சேர்ந்து, மேடையில் நடப்பதைக் காதில் மாட்டும் கருவி வழியாக வர்ணிக்கும் முறையைத் தொடங்கினார். உலகமெங்கும் இன்று பின்பற்றுகிற முறை அது. கட்டியங்காரனுக்கு அந்தக் கருவி தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

இதை நான் வகுப்பில் கொஞ்சம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, எங்கள் குழுவில் பார்வையற்றவரான அண்ணன் ஒருவர் குறுக்கே வந்தார். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு வங்கியில் வேலை செய்கிறவர். "அது சரிங்க டீச்சர். கிரீடம், பதக்கம் எல்லாம் சொல்றான். அவன் கையை ஓங்கினானா, முறைச்சானா, முதுகைக் காட்டினானான்னு எவனும் சொல்லலியே?" என்றார். நியாயமான கேள்வி. அன்றிலிருந்து எங்கள் கட்டியங்காரனுக்கு வேலை கூடிவிட்டது. ராஜா மீசையை முறுக்கினால், "மீசையை முறுக்குறாரு சாமி, இன்னைக்கு எவன் தலை உருளுதோ" என்று அதையும் சிரிக்கும்படி சொல்லியாக வேண்டும். எங்கள் கட்டியங்காரன் கொண்டலாம்பட்டியிலிருந்து வரும் கல்லூரிப் பையன், சக்கர நாற்காலியில் இருப்பவன். கூத்தில் எல்லா இடத்திலும் நுழைகிற ஒரே ஆள் கட்டியங்காரன்தான். சாப்பாட்டுக் கூடத்து வழவழப்புத் தரையில் இவன் வரும் வேகத்துக்கு வேறு யாராலும் ஈடுகொடுக்க முடியாது.

எடுத்துக்கொண்ட கதை பாரதத்தில் மாயசபைக் கட்டம். இந்திரப்பிரஸ்தத்தில் பாண்டவருக்கு மயன் கட்டித்தந்த மண்டபத்தைப் பார்க்கத் துரியோதனன் வருகிறான். தரையைத் தண்ணீர் என்று நினைத்து ஆடையைத் தூக்குகிறான், தண்ணீரைத் தரை என்று நினைத்து விழுகிறான், திரௌபதி சிரிக்கிறாள். வேஷம் பிரிக்கும்போது ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: "அண்ணனுக்குத் திருதராஷ்டிரன் கொடுத்துடலாம், பொருத்தமா இருக்கும்." அண்ணன் விட்டாரே பார்க்கலாம். "கண்ணு தெரியாதவன்னா திருதராஷ்டிரன்தானா? அவனுக்கு இந்தக் கட்டத்துல என்ன வேலை? சிம்மாசனத்துல உக்காந்து பெருமூச்சு விடணும். எனக்குத் துரியோதனன் வேஷம்தான் வேணும்."

வேஷத்தைக் கொடுத்தோம். பிறகுதான் சிக்கலே ஆரம்பித்தது. கண்ணை ஏமாற்றும் மண்டபத்தில், பார்வையே இல்லாத துரியோதனன் எதற்கு ஏமாற வேண்டும்? பல ஞாயிறு இதிலேயே ஓடியது. பார்வை இருப்பது போல அவர் பாவனை செய்யலாம் என்று சிலர். அவருக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் வழியைச் சொன்னதும் அவர்தான். "நான் கண்ணை நம்பி விழ மாட்டேன். கையைப் புடிச்சிக் கூட்டிட்டு வர்றவன் 'வாங்க வாங்க, தரைதான்'னு சொல்லுவான் பாருங்க, அவனை நம்பி விழுவேன். தினமும் ரோட்டுல நடக்கிறதுதானே இது." காட்சியே மாறிவிட்டது. துரியோதனன் நிமிர்ந்து வேகமாக நடந்து வருகிறான். கூட வரும் பார்வையுள்ள பரிவாரம்தான் உலர்ந்த தரையில் வேட்டியைத் தூக்கிக்கொண்டு கோமாளித்தனம் செய்கிறது. அரண்மனைக் காவலாள் பணிவாகக் கையைப் பிடித்து, தண்ணீர் பக்கம் திருப்பி விடுகிறாள்.

அவர் வேகமாக நடப்பதற்கு ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஜமுக்காளத்துக்கு அடியில் கயிறு ஓட்டி வைத்திருக்கிறோம். வெறுங்காலில் கயிறு தட்டுப்படும். இரட்டைக் கயிறு என்றால் திரும்ப வேண்டிய இடம். முடிச்சு என்றால் நிற்க வேண்டும். விழுவதைப் படிப்படியாகப் பழகினார். முதலில் உட்கார்ந்தபடி பக்கவாட்டில் சாய்வது, பிறகு முட்டி போட்டு, பிறகு நின்று. மெத்தை போட்டுத்தான். பார்வை உள்ளவர்கள் விழும்போது தரையைப் பார்த்துக் கையை ஊன்றிவிடுகிறார்கள். மணிக்கட்டு பிசகுவது அதனால்தான். அண்ணன் சொல்லிக்கொடுத்தபடி தோளை உருட்டி விழ மற்றவர்களும் இப்போது பழகியிருக்கிறார்கள்.

திரௌபதியாக நடித்த பெண் சிவதாபுரம் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை செய்கிறாள். காது கேட்காது. தாளம் எப்படி என்று எல்லோரும் கேட்பார்கள். சாப்பாட்டு மேஜைதான் வழி. நீளமான பலகை மேஜையின் ஒரு கோடியில் மிருதங்கத்தை வைத்து வாசித்தால், மறு கோடியில் உள்ளங்கையை வைத்திருப்பவளுக்கு அது வந்து சேருகிறது. தொப்பி என்கிற இடது பக்கத்து 'தொம்' நன்றாகப் போகிறது. வலது பக்கத்து வலந்தலைச் சொற்கள் கையில் ஏறுவதே இல்லை. ஆகவே அவளுக்கான அடவுகளைத் தொப்பியை நம்பியே அமைத்தோம். கனமான, இடைவெளி விட்ட நடை. திரௌபதிக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

பாரதத்துப் பெயர்களுக்கு அவளிடம் சைகை இல்லை. உட்கார்ந்து உண்டாக்கினாள். துரியோதனனுக்குத் தொடையில் ஒரு தட்டு. சகுனிக்கு விரலிடுக்கில் தாயம் உருட்டுவது. திரௌபதிக்குக் கூந்தலை உதறிவிடுவது. கதை தெரிந்த எவருக்கும் இதில் விளக்கம் தேவையில்லை. கட்டியங்காரப் பையன் அவளிடம் சைகை கற்றுக்கொண்டு, பேசுகிறபோதே கையாலும் சொல்லப் பழகிவிட்டான். சைகை பெயர்ப்பவரை மேடை ஓரத்தில் ஒரு விளக்கடியில் நிறுத்தி வைக்கும் வழக்கம் எனக்கு உவப்பில்லை. காது கேளாத பார்வையாளர் ஒரு கண்ணை ஓரத்திலும் ஒரு கண்ணை நடிகர் மேலும் வைத்துக்கொண்டு அல்லாட வேண்டியிருக்கிறது. லண்டனில் 1980-இல் தொடங்கிய கிரேயே என்ற நாடகக் குழு இதைத்தான் வலியுறுத்துகிறது. சைகையும் வர்ணனையும் நாடகத்தின் எழுத்திலேயே கலந்திருக்க வேண்டும், கடைசியில் ஒட்டவைக்கக் கூடாது. அதன் கலை இயக்குநராகப் பல ஆண்டுகள் இருந்த ஜென்னி சீலி காது கேளாதவர். 2012 லண்டன் பாராலிம்பிக் தொடக்க விழாவை இயக்கிய இருவரில் ஒருவர். சைகை நாடகம் செய்ய நினைப்பவர்களுக்கு நான் கற்ற இன்னொன்று: பூப்போட்ட சேலை வேண்டாம். கை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. எங்கள் திரௌபதி கட்டியது கரையில்லாத கருநீலம். விளக்கும் முன்னாலிருந்து விழ வேண்டும்.

சரி, இப்போது கணக்கைப் பாருங்கள். துரியோதனனுக்குத் திரௌபதி தெரியமாட்டாள். திரௌபதிக்குத் துரியோதனன் பேசுவது கேட்காது. இருவரும் ஒரே காட்சியில். அவர் விழுந்ததை அவள் பார்த்துவிடுவாள், அது பிரச்சினை இல்லை. அவள் எங்கே நிற்கிறாள், எப்போது முடித்தாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? சலங்கைக் காலை ஓங்கி ஒருமுறை மிதித்தால் 'வந்துவிட்டேன்', இருமுறை மிதித்தால் 'உன் முறை' என்று அவர்களே பேசி முடிவு செய்தார்கள்.

சிரிப்பு மட்டும் சிக்கலாகவே நின்றது. அவள் சிரிப்பைக் கையால் காட்டினாள், முகத்தால் காட்டினாள். பிரமாதமாக இருந்தது. அண்ணனுக்கு அதில் ஒன்றும் போய்ச் சேரவில்லை. "சிரிச்சாளா இல்லையா? எனக்குக் கோவமே வரல" என்றார். வாய்விட்டுச் சிரிக்க அவளுக்கு மனமில்லை. அவள் சத்தமாகச் சிரித்தால் விநோதமாக இருக்கிறது என்று வீட்டில் சின்ன வயதிலிருந்து வாயைப் பொத்தியிருக்கிறார்கள். கட்டியங்காரன் அவளுக்குப் பதிலாகச் சிரிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. அவளே போய், விழுந்து கிடந்த அண்ணனின் கையை எடுத்துத் தன் தொண்டைக் குழியில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கரகரவென்று அடிவயிற்றிலிருந்து வந்தது. நாடகச் சிரிப்பு என்று பயிற்சி கொடுத்து யாரிடமும் வரவழைக்க முடியாத சிரிப்பு. அண்ணன் கையை உதறிவிட்டு எழுந்தபோது முகம் சிவந்திருந்தது. "இப்பத்தான்டா துரியோதனன்" என்றார். 'குருடன் பெற்ற பிள்ளையும் குருடன்தான்' என்று திரௌபதி சொல்வதாக ஊரில் வழங்கும் வசனத்தை வெட்டிவிடலாமா என்று கேட்டேன். வைக்கச் சொன்னார். அந்த வசனம் இல்லாமல் சூதாட்டமும் துகிலுரிதலும் எங்கிருந்து வரும் என்று என்னையே கேட்டார்.

துரியோதனனைத் தண்ணீரில் தள்ளிவிடும் காவலாளாக நடித்தவள் சேர்வராயன் மலையில் ஏற்காட்டைத் தாண்டி ஒரு கிராமத்துப் பெண். மலையாளி என்ற மலைப் பழங்குடி, கேரளக்காரர் இல்லை. அவள் விஷயத்தில் சாய்தளமும் சைகையும் தேவையில்லை, பஸ்தான் தேவை. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து ஏறிப் போக வேண்டும். கடைசி பஸ்ஸை விட்டால் அவ்வளவுதான். மாலையில் ஒத்திகை வைத்தால் அவள் தானாகவே நின்றுவிடுவாள், "ஆர்வம் இல்லை" என்று பெயரும் வாங்கிக்கொள்வாள். எங்கள் ஒத்திகை அதனால் காலை நேரம். முதலில் அவள் வசனத்தை மேடைத் தமிழில் ஒப்பித்தாள். பள்ளிக்கூடத்தில் மலைப்பேச்சைக் கிண்டல் செய்திருக்கிறார்கள். உன் பாட்டி ஒரு பெரிய மனிதரை வழிநடத்திக் கூட்டிப் போனால் எப்படிப் பேசுவார் என்று மட்டும் கேட்டேன். அதற்குப் பிறகு அவள் பேச்சில் இருந்த பணிவும் குசும்பும் வேறு. காட்சியில் முதல் சிரிப்பு அவளுக்குத்தான் விழுகிறது.

இவர்கள் தவிர வழக்கமான நாடக ஆசையோடு வந்தவர்களும் இருக்கிறார்கள். பாதிக்கு மேல் அவர்கள்தான். ஆட்டிசம் உள்ள ஒரு பையனும் வருகிறான். கூத்தில் ஊதும் குட்டிக் குழலான முகவீணையின் சத்தம் அவனுக்கு ஆகாது. காதுக்கு மூடி போட்டுக்கொள்வான், இல்லாவிட்டால் வெளியே போய்க் குழாயடியில் நின்றுவிட்டு வருவான். எப்போது வேண்டுமானாலும் போகலாம், எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பது எல்லோருக்கும் உள்ள விதி. அவன் தேர்ந்தெடுத்த வேலை திரை பிடிப்பது. தாளம் விழும் அதே நொடியில் திரையை இறக்குவான். மறுமுனையைப் பிடிப்பவர் யாராக இருந்தாலும் தாமதமாக இறக்கினார் என்று அவனிடம் திட்டு வாங்காமல் இருந்ததில்லை.

கூத்தை இவ்வளவு புகழ்கிறேனே, அதிலும் கதவுகள் சாத்தித்தான் இருந்தன. பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டினார்கள். என் அப்பா எனக்குத் தாளம் சொல்லிக்கொடுத்தார், பெஞ்சில் உட்கார்ந்து வாசிக்க விடவில்லை. யார் எந்தத் தெருவில் ஆடலாம், எங்கே உட்கார்ந்து பார்க்கலாம் என்பதில் சாதி இருந்தது. காஞ்சிபுரம் பக்கத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் 2002-இல் தொடங்கிய குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் கட்டை என்கிற மர அணிகளைக் கட்டி வீமனாகவும் கர்ணனாகவும் ஆடப் பழகினார்கள் என்பது அதனால்தான் பெரிய விஷயம். அந்தக் கால பாலர் நாடகக் கம்பெனிகளிலும் இதே கதைதான். ராஜபார்ட், ஸ்திரீபார்ட் என்று கொண்டாடிய பையனுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் வேஷம் போய்விடும். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையன்கள் ஞாபகம் வரும். டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய அந்த ஸ்டூடியோவுக்கு நாடகக் கம்பெனிகளிலிருந்து வந்து பெயர் வாங்கியவர்களைப் பற்றிப் பேசுகிறோம். குரல் உடைந்து ஊர் திரும்பியவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சேலத்தில் ஒரு தனிச் சங்கடமும் உண்டு. மாரியப்பன் தங்கவேலு எங்கள் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டிக்காரர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம், அடுத்து டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். எங்களுக்கெல்லாம் பெருமைதான். ஆனால் கொண்டலாம்பட்டிப் பையனை வழியில் பார்க்கும் எல்லோரும் "மாரியப்பன் மாதிரி வரணும் கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவன் ஆசைப்படுவதெல்லாம் ஒரு சுமாரான காமெடியனாக இருப்பதற்கு. நன்றாக நடிக்காத நாளில் "இன்னைக்கு நல்லாயில்ல" என்று அவனிடம் சொல்ல ஆள் வேண்டும். நான் சொல்கிறேன். முறைத்துக்கொள்வான், அடுத்த வாரம் வேறு விதமாகச் செய்துகொண்டு வருவான்.

டிசம்பர் 3 நெருங்கினால் எங்களுக்குத் தொலைபேசி அழைப்புகள் வரும். மாற்றுத்திறனாளிகள் தினம். பத்து நிமிடம் ஏதாவது செய்யுங்கள், எல்லோருக்கும் சால்வை உண்டு என்பார்கள். நாடகம் ஒரு மணி நேரம் என்றால் யோசிப்பார்கள். குழு கூடிப் பேசி அந்தத் தேதியில் ஆடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டது. சால்வை வேண்டாம், பங்குனியில் ஒரு கோயில் பண்டிகைக்கு வாடகை பேசிக் கூப்பிடுங்கள் என்கிறோம். கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு திடலில் அப்படி ஆடினோம். துரியோதனன் விழுந்தபோது கூட்டத்தில் ஒரு அம்மா "அய்யோ, பாவம்" என்று எழுந்துவிட்டார். அடுத்த கணம் துரியோதனன் போட்ட அதட்டலில், "அட இவனா பாவம்!" என்று உட்கார்ந்தார்.

அடுத்த நாடகத்தை இயக்கப் போவது சிவதாபுரத்துப் பெண். அவள் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாள். ஒத்திகையின் முதல் அரை மணி நேரம் யாரும் வாய் திறக்கக் கூடாது, எல்லாம் கையில்தான். காது கேட்பவர்கள் தடுமாறுவதை அவளும் ஒருமுறை பார்க்க வேண்டுமாம். முதல் முயற்சியிலேயே அண்ணன் கொடி பிடித்தார். "நீங்க எல்லாம் கையை ஆட்டிக்கிட்டு இருந்தா நான் என்ன, ரசத்தை மோந்துக்கிட்டு உக்காந்திருக்கவா?" அவர் சொல்வதும் சரி, அவள் கேட்பதும் சரி. இந்த மாதிரி இருவர் தேவையும் முட்டிக்கொள்ளும் இடத்துக்கு எந்தக் கையேட்டிலும் விடை இல்லை. மலைப் பெண் அவர் உள்ளங்கையில் சைகைகளை வரைந்து காட்டலாம் என்று ஏற்பாடு. அண்ணன் ஒப்புக்கொண்டுவிட்டார், ஆனால் அரை மணி வேண்டாம், கால் மணி என்கிறார். அவள் இன்னும் இறங்கி வரவில்லை.